எடிசனும் விலைப்பொறியும்

மின்விளக்கைக் கண்டு எடிசனை நினையாதார் இலர். ஆயினும், அவர்க்கு முதற் பெரும்பொருள் ஈட்டித் தந்தது அங்காடி விலைப்பொறியே என்பதைப் பலர் அறியார்.

1847ஆம் ஆண்டு அமெரிக்காவில் பிறந்த தாமஸ் ஆல்வா எடிசன், 1869ஆம் ஆண்டு கையிற் காசின்றி நியூயார்க் நகரம் சேர்ந்தார். பொன்னின் விலையை வணிகர்க்குத் தந்திவழி உடனுக்குடன் அறிவிக்கும் நிலையமொன்றின் மின்கல அறையில் இரவில் உறங்கிவந்தார். ஒருநாள் அந்நிலையத்தின் தலைமைப் பொறி திடீரென நின்றது. விலை தெரியாத வணிகர் துடித்தனர். அவர்தம் ஏவற் சிறுவர் முந்நூற்றுவர் வாயிலில் வந்து கூச்சலிட்டனர். நிலையத் தலைவரோ செய்வதறியாது திகைத்தார். எடிசன் பொறியை உற்று நோக்கினார். முறிந்த சிறு வில்கம்பி ஒன்று பற்சக்கரங்களுக்கிடையே விழுந்து கிடந்தது. அதனை அகற்றிப் பொறியை இயங்கச் செய்தார். திங்களுக்கு 300 டாலர் ஊதியத்தில் அங்கேயே மேற்பார்வையாளரும் ஆனார். இவை அவரே பிற்காலத்தில் கூறியவை.

நின்றுபோன பொறியினும் பொய்விலை கூறும் பொறி கொடியது. வணிகரிடமிருந்த நாடாக் கருவிகள் அடிக்கடி நிலைபிறழ்ந்து, ஓர் எண்ணுக்கு வேறோர் எண்ணை அச்சிட்டன. ஒவ்வோர் இடத்துக்கும் ஆள் ஓடித் திருத்த வேண்டியிருந்தது. எடிசன் அமைத்த ஒருங்கிணைப்புக் கருவியால், நிலையத்தில் இருந்தவாறே அவை அனைத்தையும் ஒரே நிலைக்குக் கொணர முடிந்தது. 5,000 டாலர் கேட்கலாமோ எனத் தயங்கியவர்க்கு 40,000 டாலர் கிடைத்ததாம்! பின்னர் நெவார்க் நகரில் பட்டறை நிறுவி, அக்கருவிகளையே செய்து அளிக்கலானார்.