ஒற்றைச் சேலையும் முழத்துண்டும்

கடற்கரையில் ஆடை இல்லாமல் குளிக்கலாமா, கூடாதா?

இந்தக் கேள்வி பல நாடுகளில் அடிபடுகிறது. இங்கிலாந்தில் பிரைட்டன் என்ற ஊரில், 1980-ம் ஆண்டிலேயே கடற்கரையில் ஒரு பகுதியை இதற்கென்று ஒதுக்கிவிட்டார்கள். ஜெர்மனியிலும் பிரான்சிலும் இப்படிப்பட்ட கடற்கரைகள் உண்டு. நம் நாட்டில் இதற்கு இடம் இல்லை. பொது இடத்தில் பிறர் மனம் புண்பட ஆபாசமாக நடந்தால் 3 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு என்கிறது சட்டம்.

அப்படியானால், உடம்பில் எத்தனை முழம் துணி இருந்தால் மானம்? எத்தனை முழம் குறைந்தால் அவமானம்?

இந்தக் கேள்விக்குத் தம் உடம்பைக் கொண்டே விடை சொன்னவர் ஒருவர் உண்டு. அவர்தான் காந்தி அடிகள்.

சீமையில் சிங்காரம்

கடலோர ஊரான போர்பந்தரில் 1869 அக்டோபர் 2-ந் தேதி பிறந்தார் மோகன்தாஸ். தந்தை சமஸ்தானத்துத் திவான். 1888-ல் பாரிஸ்டர் படிப்புக்காக லண்டன் சென்றார். அங்கே அவருக்கு உடை மோகம் பிடித்தது. உயர்ந்த கடையில் 10 பவுன் கொடுத்து மாலை நேர உடை தைத்தார். தலைக்கு உயரத் தொப்பி. அண்ணன் அனுப்பிய தங்கச் சங்கிலி கடிகாரத்தில் தொங்கியது. கழுத்துப் பட்டையைச் சரி செய்யவும் தலை வாரவும் தினமும் பத்து நிமிடம் கண்ணாடி முன்னால் நின்றார்!

இந்த வாலிபரா பின்னால் சட்டையைத் துறந்தார்? ஆம், அவரேதான்!

செருப்புத் தைத்த பாரிஸ்டர்

1893-ல் வழக்கு ஒன்றுக்காகத் தென்னாப்பிரிக்கா போனார். அங்கே கூலி வேலைக்குச் சென்றிருந்த தமிழர்களின் துயரம் அவர் நெஞ்சைச் சுட்டது.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வாசகர்களே! உங்கள் ஊரைப் பெயர் பெறச் செய்த தொழிலை அவரும் கற்றார் தெரியுமா? 1910-ல் டால்ஸ்டாய் பண்ணையை நிறுவியபோது, நண்பர் காலன்பாக் ஒரு மடத்துக்குப் போய்ச் செருப்புத் தைக்கக் கற்று வந்தார். அவரிடம் காந்தி கற்றார். பாரிஸ்டரின் கையில் தோலும் ஊசியும் ஏறின. தம்மைச் சிறையில் அடைத்த ஜெனரல் ஸ்மட்சுக்கும் ஒரு ஜோடி தைத்துக் கொடுத்தார். ஸ்மட்ஸ் அதைப் பல கோடைக்காலம் அணிந்தார். 1939-ல் காந்தியின் 70-வது பிறந்த நாளையொட்டி, இவ்வளவு பெரியவர் செய்த செருப்பில் நிற்கத் தமக்குத் தகுதி இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்!

1913-ல் வேலைநிறுத்தம் செய்த இந்தியத் தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தத் துக்கத்தில் காந்தி தலையை மழித்தார். கோட்டையும் கால்சட்டையையும் கழற்றிவிட்டுக் கூலிக்காரரின் எளிய உடையை உடுத்தினார்.

குளிக்க முடியாத பெண்

1915-ல் தாயகம் திரும்பினார். 1917-ல் பீகாரின் சம்பாரண் மாவட்டத்தில் அவுரி விவசாயிகளுக்காகப் போராடினார். அங்கே பெண்களின் சேலைகள் அழுக்கேறிக் கிடந்தன. ஏன் துவைப்பதில்லை என்று கேட்டு வரும்படி கஸ்தூரிபாவிடம் சொன்னார்.

ஒரு பெண் கஸ்தூரிபாவைத் தன் குடிசைக்குள் அழைத்துச் சென்றாள். பெட்டி இல்லை, கொடியில் துணி இல்லை. உடுத்தியிருப்பது ஒன்றுதான் சேலை, இதை எப்படித் துவைப்பேன் என்று கேட்டாள். இன்னொரு சேலை வாங்கித் தரச் சொல்லுங்கள், தினமும் குளிக்கிறேன் என்றாள்.

என்ன கொடுமை! துணி இருப்பவர்கள் அதைக் களைந்து குளிக்க உரிமை கேட்பது ஒரு புறம். மாற்றுத் துணி இல்லாததால் குளிக்கவே முடியாத பெண் மறு புறம்.

மதுரையில் அந்தக் காலை

1921 செப்டம்பர். அந்நியத் துணியை விடுங்கள், கதர் உடுத்துங்கள் என்று ஊர் ஊராகச் சொல்லி வந்தார் காந்தி. கதர் வாங்கப் பணம் இல்லையே என்றார்கள் ஏழைகள். முழு வேட்டியும் சட்டையும் குல்லாயும் அணிந்திருந்த அவருக்கு அந்தப் பதில் முள்ளாகத் தைத்தது.

மதுரை மேலமாசி வீதியில் ஒரு வீட்டில் தங்கினார். செப்டம்பர் 22-ந் தேதி காலை. சட்டை இல்லை, குல்லாய் இல்லை. இடுப்பில் ஒரு முழத்துண்டுடன் வெளியே வந்தார். உடன் இருந்தவர்கள் திகைத்தார்கள். பித்துப் பிடித்துவிட்டது என்று ஜனங்கள் நினைப்பார்களே என்று அஞ்சினார்கள். அவர் அசையவில்லை. ஆனால் மற்றவர்களும் தம்மைப் போல் உடுத்த வேண்டும் என்று அவர் சொல்லவே இல்லை. சில வாரங்களுக்கு என்று எடுத்த விரதம் ஆயுள் முழுவதும் நிலைத்தது.

1931-ல் லண்டன் வட்டமேஜை மாநாட்டுக்கும் அதே உடையில் போனார். அரை நிர்வாணமாகத் திரிகிறாரே என்று சர்ச்சில் முன்பே ஏளனம் செய்திருந்தார். ஆனாலும் நவம்பர் 5-ந் தேதி, முழங்கால் தெரியும் துண்டும் சால்வையும் செருப்புமாக அரண்மனையில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரைச் சந்தித்தார். இந்த உடை போதுமா என்று பிறகு கேட்டவர்களிடம், இருவருக்கும் போதுமான துணியை மன்னரே உடுத்தியிருந்தாரே என்று சிரித்தாராம்!

1948 ஜனவரி 30-ந் தேதி டில்லியில் சுடப்பட்டு மாண்டார். 1959-ல் சென்னை மெரினா கடற்கரையில் சிற்பி தேவிபிரசாத் ராய் சவுத்ரி வடித்த அவர் சிலையை நேரு திறந்து வைத்தார். கையில் கோல், இடுப்பில் துண்டு. அந்தச் சிலையைப் பார்த்து வெட்கப்பட்டவர் யார்? குழந்தையைத் தூக்கிக் காட்டாத தாய் யார்?

எது மானம்?

காந்தியே அரை உடையில் நடந்தாரே, கடற்கரையில் நாங்கள் முழுதும் களைந்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். அவர் துணியைக் குறைத்தது, ஏழைக்கு இல்லாதது தமக்கும் வேண்டாம் என்பதற்காக. எதிரே நிற்பவர் கூசாத அளவுக்கு இடுப்பில் துணி வைத்துக்கொண்டார். விரும்பியவர் மட்டும் போகும் தனி இடம் ஒதுக்கிய நாடுகளின் வழக்கம் அவர்களோடு இருக்கட்டும். தாயும் பிள்ளையும் தாத்தாவும் கூடி அலையில் கால் நனைக்கும் நம் கடற்கரைக்கு அது ஒவ்வாது.

ஆனால் நமக்கும் ஒரு கடமை உண்டு. மறைவான குளியலறை இல்லாமல், பொழுது விடியுமுன் எழுந்து இருட்டிலே அவசரமாகக் குளிக்கும் பெண்கள் நம் நாட்டில் உண்டு. ஆடையைக் களைந்து குளிக்க உரிமை உண்டா என்று வாதாடும் முன், அவர்களுக்கு நான்கு சுவரும் ஒரு கதவும் கிடைக்கச் செய்வோம். சம்பாரண் குடிசையில் அந்தப் பெண் கேட்டதும் அந்த மானத்தைத்தான்.