அடுத்தவர் இடத்தில் நின்று பார்க்கச் சொன்னவர்



விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நம் தெருவில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால், நலம் விசாரிக்கப் பத்துப்பேர் செல்கின்றோம். ஆனால் நம் வீட்டில் ஒருவர் உறக்கமின்றித் தவித்தால், காரணம் சொல்லாமல் அழுதால், கதவைச் சாத்திக்கொள்கின்றோம். வெளியே தெரிந்தால் பிள்ளைகளுக்கு வரன் அமையாது என அஞ்சுகின்றோம். மருந்து தேட வேண்டிய மாதங்கள் மந்திரிப்பதிலேயே கழிந்துவிடுகின்றன. இந்த அச்சம் இன்னும் நம்மை விட்டு அகலாத வேளையில், மனத்துயருற்றோரின் அருகே அமர்ந்து கேட்ட ஓர் இந்திய மருத்துவரின் வாழ்வைச் சிந்திப்போம்.

கிரீந்திரசேகர் போஸ் 1887-ஆம் ஆண்டு பிறந்தார். கல்கத்தாவில் பயின்று, 1910-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். உடல் நோய்க்கு மருந்து கொடுப்பவராகவே தொழிலைத் தொடங்கினாலும், உள்ளத்தின் வலியே அவரை ஈர்த்தது. எனவே மீண்டும் மாணவராகி உளவியல் கற்றார். மனம் அமுக்கி வைக்கும் எண்ணங்களைக் குறித்த ஆய்வுக்காக 1921-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். மறு ஆண்டே இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை நிறுவினார். வியன்னாவில் வாழ்ந்த சிக்மண்ட் பிராய்டுடன் பல ஆண்டுகள் கடிதத் தொடர்பு கொண்டிருந்தார். இருவரும் நேரில் சந்தித்ததே இல்லை. மாறுபட்ட கருத்து எழுந்தபோது, அதைப் பணிவோடும் துணிவோடும் எடுத்துரைத்தார்.

அவருடைய அணுகுமுறைதான் என்ன? நம் உள்ளத்தில் ஆசைகள் இரட்டையாகவே எழுகின்றன என்றார். அடிக்கும் ஆசையோடு, அடிபடும் ஆசையும் உள்ளே கிடக்கின்றது. ஒன்று மேலே வரும்போது மற்றொன்று அமுங்குகின்றது. அமுங்கியது அழிவதில்லை, நோயாக வெளிப்படுகின்றது. ஆகவே, நம்மோடு மோதுபவரின் இடத்தில் நம்மையே வைத்துக் கற்பனை செய்து பார்க்க அவர் வழிகாட்டினார். மாமியார் மருமகளாகவும், மருமகள் மாமியாராகவும் ஒரு கணம் நின்று பார்ப்பது போன்றது இது. அநீதியைப் பொறுத்துக்கொள் என்பது இதன் பொருள் அல்ல. உள்ளே மறைந்திருப்பதை அஞ்சாமல் கண்டுகொள் என்பதே பொருள்.

மனநோயாளரை ஊருக்கு அப்பால் அடைத்து வைத்த காலம் அது. அப்போதே, 1933-இல், கல்கத்தாவின் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல வெளிநோயாளர் பிரிவைத் தொடங்கினார். மற்ற நோயாளர் வரும் அதே வாசல் வழியே இவர்களும் வந்தனர். 1940-இல் லும்பினி பார்க் மனநல மருத்துவமனை அவரது முயற்சியால் உருவாயிற்று. 1953-இல் அவர் மறைந்தார்.

இன்று நமக்கு அந்த வாசல் தொலைவில் இல்லை. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உள்ளது. 2022 முதல் 14416 என்ற அரசின் இலவச உதவி எண்ணும் உள்ளது. அங்கே செல்வது இழுக்கு ஆகுமா? எலும்பு முறிந்தவர் கட்டுப்போடச் செல்வது இழுக்கு என்றால், இதுவும் இழுக்கே!

இன்றிரவு நம் வீட்டில் பேசாமல் ஒதுங்கியிருப்பவர் யார்? அவரருகே சற்று அமர்வோம். அறிவுரை சொல்லும் முன், அவர் இடத்தில் நின்று பார்ப்போம்.