இனவெறியைப் பாட்டாலும் பேனாவாலும் எதிர்த்த மீனாட்சி அம்மாள்

செஞ்சி அன்று தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. பஞ்சமும் கடனும் விரட்ட, இந்த மாவட்டத்திலிருந்தும் திருச்சி, சேலம், தஞ்சைப் பகுதிகளிலிருந்தும் ஏழைக் குடும்பங்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கப்பலேறின. அங்கே வெள்ளைக்காரத் துரையின் அதிகாரமும் கங்காணியிடம் பட்ட கடனும் அவர்களைக் கட்டிப்போட்டன. அந்த மக்களுக்காகப் பேனா பிடித்தவர் மீனாட்சி அம்மாள்.

இவரது கணவர் தஞ்சையைச் சேர்ந்த கோ. நடேசய்யர். வெளியார் தோட்டத்துக்குள் நுழையவே தடை இருந்த காலத்தில், துணி வியாபாரி வேடத்தில் உள்ளே சென்று தொழிலாளர் படும் பாட்டை நேரில் கண்டவர். 1924இல் கொழும்பில் 'தேசபக்தன்' பத்திரிகையைத் தொடங்கினார். மீனாட்சி அம்மாள் அதில் எழுதியதோடு, ஆசிரியப் பணியிலும் பங்கேற்றார்.

1927இல் டொனமூர் குழு அரசியல் சீர்திருத்தத்துக்காக இலங்கைக்கு வந்தபோது, பெண்களுக்கு வாக்குரிமை தேவையா என்ற விவாதம் சூடுபிடித்தது. தேவைதான் என்று மீனாட்சி அம்மாள் தம் எழுத்தில் வாதாடினார். கொழுந்து பறிக்கும் வேலையில் பெரும்பகுதி பெண்களுடையது. ஆனால் 1927ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ் மலைத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம்தான் நாட்கூலி. 1931இல் 21 வயது நிரம்பிய ஆண், பெண் இருவருக்கும் வாக்குரிமை வந்தது. தோட்டத் தமிழருக்கு மட்டும் குடியிருப்பு நிபந்தனைகள் குறுக்கே நின்றன.

அதே 1931இல் அட்டனில் நடேசய்யர் தொழிற்சங்கம் அமைத்தார். பெண்கள் மேடையேறுவதே அரிதான அந்நாளில், கூட்டங்களில் மீனாட்சி அம்மாள் பேசினார், பாடினார். தொழிலாளரில் பலருக்கு எழுத்து தெரியாது. ஆகவே மக்களுக்குப் பழக்கமான மெட்டுகளிலேயே அவர்களின் துயரத்தைப் பாட்டாக்கினார். படிக்கத் தெரியாதவரையும் செய்தி சென்றடைந்தது.

பொருளாதார மந்தம் வந்ததும் இந்தியர்களே வேலையைப் பறிக்கிறார்கள் என்ற இனவெறிப் பிரச்சாரம் வலுத்தது. 1939இல் அரசுத் துறைகளில் இருந்த இந்தியத் தினக்கூலிகளை நீக்க அரசு முடிவெடுத்தது. 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். அதே ஆண்டில் இலங்கை வாழ் இந்தியரின் நிலை குறித்த மீனாட்சி அம்மாளின் பாடல்கள் நூலாக வந்தன. இந்த இனவெறியை அவை நேரடியாகச் சாடின.

நடேசய்யர் 1947இல் மறைந்தார். அடுத்த ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டம் லட்சக்கணக்கான மலையகத் தமிழரை நாடற்றவர்கள் ஆக்கியது. அம்மாள் எச்சரித்த வெறுப்பு, கடைசியில் சட்டமாகவே வந்து சேர்ந்தது. மிச்சமிருந்தோருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. பக்கத்து வீட்டுக்காரரை அந்நியர் என்று பேசத் தொடங்கும்போதே அதை மறுத்துப் பேச வேண்டும் என்பதை அந்தத் தாயின் வாழ்க்கை நமக்குச் சொல்கிறது. நம் பெண் பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சொல்லி வைப்போம்.