சீமாட்டிகளை விட்டு ஓடிய ஓவியர்

லண்டன் நகரத்துப் பிரபுக்களும் சீமாட்டிகளும் ஓர் ஓவியரின் வீட்டு வாசலில் காத்துக் கிடந்தார்கள். அவர் கையால் தங்கள் முகத்தை எழுதிக்கொள்ள வேண்டும் என்று அவர்களுக்கு ஆசை!

அவர் பெயர் ஜான் சிங்கர் சார்ஜென்ட். பெற்றோர் அமெரிக்கர்கள். அவர் பிறந்ததோ இத்தாலியில், 1856-ம் ஆண்டில்.

தாயார் மேரிக்கு ஊர் ஊராகச் சுற்றுவதில் பிரியம். போன இடமெல்லாம் நீர் வர்ணத்தில் படம் எழுதுவார். மகனும் அதைப் பழகினார்.

பாரிசில் கூச்சல்

1884-ல் பாரிஸ் கண்காட்சியில் மேடம் கோத்ரோ என்ற அழகியின் படத்தை சார்ஜென்ட் வைத்தார். கறுப்பு உடையின் பட்டை ஒரு தோளில் நழுவி இருந்தது. ஊரே கூச்சல் போட்டது. அழகியின் தாயார் அழுதபடி ஓடி வந்தார். பிறகு, சார்ஜென்ட் லண்டனில் குடியேறினார்.

அங்கே பேரும் பணமும் குவிந்தன. ஆனால் பணக்காரர்களின் முகத்தையே எழுதி எழுதி அவருக்கு அலுத்து விட்டது. 1907-ம் ஆண்டு வாக்கில் அந்தத் தொழிலை அநேகமாக நிறுத்தினார். விடாமல் கேட்டவர்களுக்குக் கரித்துண்டால் படம் போட்டுக் கொடுத்தார்.

படகிலே ஓவியம்

கோடை வந்தால் வர்ணப் பெட்டியோடு புறப்பட்டு விடுவார். தங்கைகளும், தங்கை வயலெட்டின் பெண்களும் கூடப் போவார்கள். வெனிஸ் நகர வாய்க்காலில் படகில் அமர்ந்தே படம் எழுதுவார். ஆல்ப்ஸ் மலைப் புல்வெளியில் பெண்களைப் படுக்க வைத்து எழுதுவார். கராரா மலையில் சலவைக்கல் வெட்டும் தொழிலாளிகளையும் எழுதினார்.

நீர் வர்ணம் சீக்கிரம் காய்ந்து விடும். கை தயங்கக் கூடாது. வெயில் பட்ட இடங்கள் பலவற்றில் வர்ணமே பூசாமல், வெள்ளைத் தாளை அப்படியே விட்டு விடுவார். பார்த்தால் கண் கூசும்!

இந்தப் படங்களை ஒவ்வொன்றாக விற்க அவருக்கு மனம் இல்லை. 1909-ல் நியூயார்க்கின் புரூக்ளின் காட்சிசாலை 83 படங்களை மொத்தமாக வாங்கியது. 1912-ல் பாஸ்டன் காட்சிசாலை 45 படங்களை வாங்கியது.

மருமகளின் மரணம்

வயலெட்டின் மகள் ரோஸ்-மேரி. முதல் உலகப் போரில் அவள் கணவன் இறந்தான். கண் இழந்த சிப்பாய்களுக்கு அவள் பணிவிடை செய்தாள். 1918 மார்ச் 29, புனித வெள்ளி. பாரிஸ் மாதா கோவில் ஒன்றில் அவள் இருந்தபோது ஜெர்மன் குண்டு விழுந்தது. அவளும் மடிந்தாள்.

அதே ஆண்டில், 62 வயதில், சார்ஜென்ட் போர்முனைக்குப் போனார். விஷப் புகையால் கண் கட்டப்பட்ட சிப்பாய்கள், ஒருவர் தோளை ஒருவர் பிடித்துத் தடுமாறி நடக்கும் காட்சியைக் கண்டார். அதை 20 அடி நீளப் படமாக எழுதினார்.

1925-ல் ஒரு நாள் இரவு தூங்கப் போனவர் எழுந்திருக்கவில்லை.

அவர் எழுதிய மலைப் படங்களில் ரோஸ்-மேரி இன்றும் சின்னப் பெண்தான். அவள் மேல் வெயில் அடித்துக் கொண்டே இருக்கிறது.