ஒளியால் நோயை விரட்டி நோபல் வென்றவர்! யார் இந்த நீல்ஸ் ஃபின்சன்?

சருமம் பழுப்பாகணும்னு மேலைநாடுகளில் பலரும் 'டேனிங் பெட்'டில் படுக்கிறாங்க. அதில் இருப்பது புற ஊதாக் கதிர் விளக்குகள். செயற்கை ஒளியை மனித உடலில் பாய்ச்சிய முன்னோடிகளில் ஒருவர் டாக்டர் நீல்ஸ் ஃபின்சன். ஆனால், அவர் நோக்கம் அழகு இல்லை... சிகிச்சை!

1860-ல் ஃபாரோ தீவுகளில் பிறந்தவர். இளம் வயதிலேயே தீராத நோய். வெயில் பட்டால் உடம்புக்கு நல்லா இருக்கே, ஏன்? இந்தக் கேள்விதான் அவரை ஆய்வுக்குள் இழுத்தது.

அன்று முகத்தையே சிதைத்த நோய், தோல் காசநோய். கார்பன் விளக்கின் ஒளியை லென்ஸ் வழியே குவித்து, நோய் உள்ள சிறு இடத்தில் மட்டும் செலுத்தினார். பலர் குணமானார்கள். 1896-ல் கோபன்ஹேகனில் தனி நிறுவனம், 1903-ல் மருத்துவ நோபல். அடுத்த ஆண்டே, 43 வயதில் காலமானார்.

டேனிங் பெட் வந்தது பல பத்தாண்டுகள் கழித்து. இதில் நோயே கிடையாது. ஆனா உடம்பு முழுக்க கதிர் படுது. அது தோல் செல்களின் டிஎன்ஏவைச் சேதப்படுத்தும். மெலனோமா எனும் ஆபத்தான தோல் புற்றுநோய் வரலாம். 2009-ல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, இந்தக் கருவிகளைப் புகையிலை இருக்கும் அதே முதல் பிரிவில் சேர்த்தது.

சோரியாசிஸுக்கு இன்றும் ஒளி சிகிச்சை உண்டு. ஆனால் அளவைத் தீர்மானிப்பது டாக்டர், அழகு நிலையம் இல்லை.