இராஜாஜியும் விற்பனை வரியும்

மதுரை மாநகரின் மாசி வீதிகளில் காலை தொடங்கி இரவு வரை வாணிகம் ஓய்வதில்லை. மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி முதலிய ஊர்ப்புறங்களினின்றும் வந்து சேரும் நெல்லும் நிலக்கடலையும் வற்றலும் இங்கே பல கைகள் மாறுகின்றன. பகலங்காடியும் அல்லங்காடியும் பண்டை நாளிலேயே இந்நகரில் விளங்கினமையை மதுரைக்காஞ்சி வாயிலாக அறிகின்றோம். புகார்த் துறைமுகத்துச் சுங்கப் பொதிகளின்மேற் புலி இலச்சினை பொறிக்கப்பெற்ற செய்தி பட்டினப்பாலையிற் காணப்படுகின்றது. முதற் குலோத்துங்கன் வென்ற போர்கள் பலவாயினும், சுங்கம் தவிர்த்த சோழன் என்னும் பெயரே மக்கள் நாவில் நிலைத்தது. வரியை நீக்கியவனை உலகம் வாழ்த்தும். விதித்தவனை வாழ்த்துவார் அரியர். நம் நாட்டில் பொது விற்பனை வரியை முதன்முதல் விதித்தவர் சக்கரவர்த்தி இராஜகோபாலாசாரியார். அவர்தம் நெடிய வாழ்க்கையை, அவ்வரி ஒன்றையே கைவிளக்காகக் கொண்டு, ஈண்டு ஒருவாறு கூறப் புகுகின்றேன்.

இராஜாஜி 1878ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள், அந்நாளிற் சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்த ஓசூர்த் தாலூகாவில், தொரப்பள்ளி என்னுஞ் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் அவ்வூர்க் கிராம முனிசீப். குடிகளிடம் நிலவரி தண்டிக் கருவூலத்திற் சேர்ப்பது கிராம முனிசீப்பின் தலையாய கடமைகளுள் ஒன்று. ஆகவே வரி என்னுஞ் சொல் இவர் செவிக்குப் புதிதன்று. ஓசூரிலும் பெங்களூரிலும் சென்னையிலும் பயின்று, 1900ஆம் ஆண்டளவிற் சேலத்தில் வக்கீல் தொழில் தொடங்கி, விரைவில் பெரும்பொருள் ஈட்டினார். 1917இல் சேலம் நகரசபைத் தலைவரானார். பின்னர்க் காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் வந்தது, வளமான தொழிலைத் துறந்தார், சிறை புகுந்தார்.

1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்து, அங்கே குடிசை வாழ்க்கை மேற்கொண்டார். இவ்விடத்திற் சற்றே நிற்றல் வேண்டும். பிற்காலத்து வரிக்கு வித்து இங்கேதான் விழுந்தது. ஆசிரமத்தைச் சூழ்ந்த சிற்றூர்களில் உழவனும் நெசவாளியும் நாள் முழுதும் உழைத்துப் பெற்ற கூலியைக் கள்ளுக்கடையிற் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புவதை அவர் நாள்தோறும் கண்டார். மதுவிலக்கிற்கென்றே விமோசனம் என்னும் பத்திரிகையை நடத்தினார். குடியினால் அழியும் குடும்பத்தைப் படங்காட்டி விளக்குவது அதன் நோக்கமாயிருந்தது.

1930ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள், ஏறத்தாழ நூறு தொண்டர்களுடன் திருச்சிராப்பள்ளியினின்றும் வேதாரணியத்திற்கு நடந்தார். வழியில் அவர்களுக்கு உணவும் உறையுளும் அளிப்போர் தண்டிக்கப்படுவர் எனத் தஞ்சைக் கலெக்டர் ஆணையிட்டிருந்தும், உணவுக்குக் குறைவிருந்ததில்லை. ஏப்ரல் 30ஆம் நாள் கடற்கரையில் உப்பெடுத்து வரிச்சட்டத்தை மீறினார், அன்றே சிறைப்பட்டார். ஏழையின் கஞ்சியிலும் வரி கலந்திருத்தல் கூடாது என்பது அப்போரின் உட்பொருள்.

ஏழாண்டுகள் கழிந்தன. 1937ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அதே மனிதர் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாக அமர்ந்தார். நிதிப் பொறுப்பையும் தாமே ஏற்றார். அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. பிறகு சித்தூர், கடப்பை, வடஆர்க்காடு ஜில்லாக்களுக்கும் அது பரவியது. கள்ளுக்கடைகள் மூடப்பட்டன, பெண்கள் மகிழ்ந்தனர். கருவூலமோ மெலிந்தது. அந்நாளில் மாகாணத்தின் வருவாயிற் பெரும்பங்கு கள், சாராயத்தினின்றே கிடைத்துக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்து ஆசிரியருக்குக் கொடுக்கும் சம்பளமும் ஒரு வகையிற் குடிகாரன் கொடுத்த காசே. அக்காசை வேண்டாமென்று ஒதுக்கிய பின்னர்ப் பள்ளிக்கூடத்தை மூடுவதா, வேறு காசு தேடுவதா என்பதே நிதி மந்திரியாகிய இராஜாஜியின் முன் நின்ற வினா. நிலவரியை ஏற்றினால் உழவன் தாங்கான். வருமான வரியும் சுங்கமும் மத்திய சர்க்காரின் கையில் இருந்தன. 1935ஆம் ஆண்டு இந்திய சர்க்கார் சட்டம் மாகாணங்களுக்கென்று ஒதுக்கியிருந்த வரிகளுள், பண்டங்களின் விற்பனைமேல் விதிக்கும் வரியும் ஒன்று. எவரும் பொதுவாகக் கையாளாது கிடந்த அக்கருவியை அவர் கையிலெடுத்தார்.

1939ஆம் ஆண்டின் 9ஆவது சட்டமாகச் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம் பிறந்தது. அதன் அமைப்பு எளிது. ஆண்டுக்குப் பதினாயிரம் ரூபாய்க்குக் குறைவாக விற்கும் சிறு கடைக்காரருக்கு வரியில்லை. பதினாயிரத்திற்கு மேல் இருபதாயிரம் வரை விற்பவர் மாதம் ஐந்து ரூபாய் செலுத்த வேண்டும். இருபதாயிரத்திற்கு மேற்பட்டால் மொத்த விற்பனையில் நூற்றுக்கு அரை வீதம். தமிழ் மாணாக்கன் கணக்குப் போடப் புகுந்தமையைப் பெரியோர் பொறுப்பாராக: நாற்பதாயிரம் ரூபாய்க்குப் பலசரக்கு விற்ற வணிகர் ஆண்டுக்கு இருநூறு ரூபாய் கட்டவேண்டும், பதினையாயிரம் விற்றவர் அறுபது ரூபாய் கட்டவேண்டும். தன் நிலத்தில் தானே விளைவித்ததை விற்கும் உழவனைச் சட்டம் தீண்டவில்லை. கைத்தறித் துணி மட்டுமே விற்போருக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. தறியொலி நிறைந்த மதுரைக்கு அவ்விலக்கின் அருமை நன்கு விளங்கும்.

ஆயினும் இவ்வரிக்கு வேறோர் இயல்பும் உண்டு. ஒரு பண்டம் எத்தனை வணிகர் கை மாறுகின்றதோ அத்தனை முறையும் அதன்மேல் வரி விழும். திருமங்கலத்தில் விளைந்த வற்றலை மொத்த வணிகர் விற்கும்போது நூறு ரூபாய்க்கு எட்டணா, அவரிடம் வாங்கியவர் மீண்டும் விற்கும்போது மற்றோர் எட்டணா, அடுத்தவர்க்கும் அவ்வாறே. சட்டம் வணிகரிடமே வரியைக் கேட்டது. வணிகர் அதனை விலையில் ஏற்றினார். இறுதியில் அரைப்பலம் வற்றல் வாங்கும் கூலிப் பெண்ணின் முந்தானை முடிச்சிலிருந்து அது வெளிவந்தது. உப்பு வரியை எதிர்த்தவர் புளிக்கும் மிளகாய்க்கும் வரி விதிக்கலாமோ என்று கேட்டோர் உளர். அக்கேள்வியை அற்பமென்று தள்ள என்னால் இயலவில்லை. வீதம் சிறிதென்பது உண்மையே. ஆயினும் சிறு வீதமாகப் பிறந்த வரி சிறிதாகவே நிற்பதில்லை. சில ஆண்டுகளுக்குள் இவ்வரியே ரூபாய்க்கு மூன்று பையாக, அஃதாவது அந்நாளைய நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் ஒன்பதணாவாக, வளர்ந்தது. மறுபுறத்து நியாயத்தையும் கூறவேண்டும். கள்ளின் வருவாய் முழுதும் ஏழையிடமிருந்தே பறிக்கப்பட்டது; விற்பனை வரியிலோ செல்வரும் பங்கு கொண்டனர். நாளொன்றுக்குச் சில அணாக்களைக் கள்ளுக்கு இழந்த குடும்பம், வரியாகச் சில பைசாக்களை இழப்பது இலாபமே என்று இராஜாஜி கருதியிருத்தல் வேண்டும்.

வணிகர் சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. வரியைக் காட்டிலும் கணக்கே அவர்களைப் பெரிதும் வருத்தியது எனத் தோன்றுகின்றது. அதுகாறும் வணிகரின் பேரேடு அவருக்கும் அவர் குமாஸ்தாவுக்கும் மட்டுமே உரியதாயிருந்தது. இனி அதனை அதிகாரி புரட்டிப் பார்க்கலாம். அவ்வாண்டில் மாகாணம் எங்கும் கொந்தளிப்பு மிக்கிருந்தது. கட்டாய இந்தியை எதிர்த்து ஒருபாற் போராட்டம். ஜூலை 8ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் திருக்கோயிலுள் வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்டோரை அழைத்துச் சென்றமையால் எழுந்த பூசல் ஒருபால். ஆலயம் புகுந்தோருக்குத் துணைநின்று சட்டப் பாதுகாப்பளித்தவரும் இராஜாஜியே. பலரைப் பகைத்துக்கொள்ள அவர் அஞ்சியதில்லை. சில வேளைகளில் அஞ்சியிருக்கலாம் என்றும் தோன்றுகின்றது.

அக்டோபர் இறுதியில், உலகப் போரில் இந்தியாவை அதன் இசைவின்றி ஈடுபடுத்தியதைக் கண்டித்துக் காங்கிரஸ் மந்திரிசபைகள் பதவி துறந்தன. பின்னர் நிகழ்ந்ததே இவ்வரலாற்றின் பெருவியப்பு. ஆளுநர் ஆட்சி போர்க்காலத்தில் மதுவிலக்கை நிறுத்திக் கள்ளுக்கடைகளை மீண்டும் திறந்தது. கள்ளின் இழப்பை ஈடுசெய்யப் பிறந்த வரியை மட்டும் நிறுத்தவில்லை. கருவூலம் இரு கைகளாலும் உண்ணத் தொடங்கியது. வங்காளமும் பஞ்சாபும் 1941இல் தாமும் விற்பனை வரி விதித்தன. ஏனை மாகாணங்களும் தொடர்ந்தன.

எண்ணெயும் பிண்ணாக்கும் செய்து விற்ற போட்டு பைதன்னா என்னும் வணிக நிறுவனத்தார், உற்பத்தி செய்தவர் முதன்முறை விற்பதன்மேல் வரி கொள்ளுதல் மத்திய சர்க்காருக்குரிய கலால் தீர்வையே என்று வழக்காடினர். 1942இல் ஃபெடரல் கோர்ட்டு அவ்வாதத்தை மறுத்தது. பொருளைச் செய்தமைக்கு விதிப்பது கலால். விற்றமைக்கு விதிப்பது விற்பனை வரி. இரண்டும் வேறு என்பது தீர்ப்பின் சாரம். 1945இல் இலண்டன் பிரிவி கவுன்சிலும் மாகாணத்தின் உரிமையை ஏற்றது. இராஜாஜியின் வரி அசைக்கவொண்ணாததாயிற்று.

அவர் 1948இல் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாகவும், 1952 முதல் 1954 வரை சென்னையின் முதலமைச்சராகவும் விளங்கியதை யாவரும் அறிவர். அந்நாட்களில் இவ்வரி புதியதொரு சிக்கலைத் தோற்றுவித்தது. கல்கத்தாவிலிருந்த பெங்கால் இம்யூனிட்டி என்னும் மருந்து நிறுவனம், பீகாரிலிருந்து வந்த கட்டளைகளுக்கு இணங்கச் சரக்கனுப்பியது. பீகாரில் அதற்குக் கடையில்லை. ஆயினும் பீகார் அரசு வரி கேட்டது. விற்பனை நிகழ்ந்த இடம் எது? அனுப்பிய ஊரா, பெற்ற ஊரா? மாநிலங்களுக்கிடைப்பட்ட விற்பனைமேல், பாராளுமன்றம் வேறு விதி செய்யாதவரை, மாநிலம் வரி கொள்ளலாகாது என 1955இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. மறு ஆண்டே அரசியலமைப்பு திருத்தப்பட்டு மத்திய விற்பனை வரிச் சட்டம் வந்தது. சரக்கு புறப்படும் மாநிலமே அவ்வரியைத் தண்டியது. 2017 ஜூலை முதல் நடக்கும் சரக்கு சேவை வரியிலோ இது தலைகீழாயிற்று. நுகரும் மாநிலத்திற்கே பங்கு சேர்கின்றது. இன்று மதுரையில் சுங்குடிப் புடைவை செய்து, இணையவழி அங்காடியின் வாயிலாக விற்கும் ஒருவர் எதிர்ப்படும் வினாவும் அக்கல்கத்தா நிறுவனத்தின் வினாவே. தம் மாநிலத்துள் மட்டும் அளவோடு பண்டம் விற்போர் வரிப்பதிவின்றியே இணைய அங்காடியில் விற்க 2023 அக்டோபரினின்றும் வழியுண்டு. மாநில எல்லை தாண்டிப் புடைவை செல்லுமாயின் விதிகள் கடுமையாகின்றன.

1959ஆம் ஆண்டு இராஜாஜி, அரசு வாணிகத்தில் அளவிறந்து தலையிடுதலை எதிர்த்துச் சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்தார். அதே ஆண்டில் அவருடைய 1939ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பட்டு, அதனினும் விரிந்த புதிய விற்பனை வரிச் சட்டம் சென்னையில் நடைமுறைக்கு வந்தது. தாம் நட்ட மரத்தின் நிழலைத் தாமே குறைகூறும் நிலை அவருக்கு வாய்த்தது.

1971இல் தமிழ்நாட்டு அரசு, வருவாய் வேண்டி, மதுவிலக்கைத் தளர்த்தத் துணிந்தது. தொண்ணூறு கடந்த இராஜாஜி முதலமைச்சரை நேரிற் கண்டு வேண்டாமென்று மன்றாடினார். பயனில்லை. மறு ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் காலமானார்.

2007இல் மதிப்புக் கூட்டு வரியும், பத்தாண்டுகட்குப் பின் சரக்கு சேவை வரியும் வந்து, பழைய விற்பனை வரியின் பெரும்பகுதியை விழுங்கின. புடைவையும் பாத்திரமும் பலசரக்கும் புதிய வரியின்கீழ்ச் சென்றுவிட்டன. ஆயினும் தமிழ்நாட்டு அரசு தானே தண்டும் விற்பனை வரி முற்றும் மறையவில்லை. எஞ்சிய சில பண்டங்களின்மேல் இன்றும் உயிர்வாழ்கின்றது. அவற்றுள் தலைமையானவை இரண்டு: ஒன்று பெட்ரோல், டீசல் முதலிய எரியெண்ணெய், மற்றொன்று மது.