லண்டனில் ஆடிட்டர், கிராமத்துக்குக் கணக்குப்பிள்ளை: யார் இந்த ஜே.சி.குமரப்பா?

'சஸ்டைனபிளிட்டி' என்ற வார்த்தை ஆபீஸ் மீட்டிங்குகளுக்குள் வருவதற்குப் பல வருஷம் முன்பே அதைப் பேசியவர் ஜே.சி.குமரப்பா.

1892-ல் தஞ்சாவூரில் பிறந்தார். லண்டனில் ஆடிட்டர் படிப்பு, அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம். பிரிட்டிஷ் வரிகள் இந்தியாவை எப்படி ஏழையாக்கின என்று அங்கே ஆராய்ந்தவர், 1929-ல் காந்தியைச் சந்தித்தார். கோட் சூட் போய், கதர் வந்தது.

முதலில் குஜராத்தின் மாதர் தாலுகா. அங்கே கிராமம் கிராமமாகப் போய் மக்களின் வரவு செலவைக் கணக்கெடுத்தார். 1934-ல் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் தொடங்கியதும் அதன் செயலாளர் ஆனார். வார்தாவில் செக்கு எண்ணெய், கைக்குத்தல் அரிசி, கைக்காகிதம், தேனீ வளர்ப்பு என வேலைகள் நடந்தன. ஊருக்குத் தேவையானதை ஊரே செய்துகொண்டால் வேலையும் காசும் ஊரிலேயே தங்கும். இதுதான் லாஜிக்.

சிறையில் இருந்தபோது 'எக்கானமி ஆஃப் பெர்மனன்ஸ்' நூலை எழுதினார். காடும் ஆறும் திரும்பத் திரும்பத் தரும். நிலக்கரியும் பெட்ரோலும் எடுக்க எடுக்கத் தீரும். ஆடிட்டர் பாஷையில சொன்னா, வட்டியில வாழலாம், முதலில் கை வைக்கக் கூடாது.

சுதந்திரத்துக்குப் பிறகு நாடு பெரிய ஆலைகள் பக்கம் திரும்பியது. குமரப்பா மதுரை அருகே டி.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்துக்கு வந்துவிட்டார். 1960 ஜனவரி 30, காந்தி நினைவு நாளன்றே மறைந்தார். அவர் எச்சரித்த அந்த 'முதல்' மட்டும் இன்னும் கரைந்துகொண்டே இருக்கிறது.